பண்ணைக்காடும் குடகும்: சீதோஷ்ண நிலையும் காப்பிப் பயிர்க் காலமும்

திண்டுக்கல் ஜில்லா கொடைக்கானல் தாலுகாவைச் சேர்ந்த பண்ணைக்காட்டிற்கும், குடகு ஜில்லாவின் தலைநகராகிய மடிக்கேரி என்னும் மெர்க்காராவிற்கும் இடையே உள்ள தூரம் ஆகாய மார்க்கமாகச் சுமார் 320 கிலோமீட்டர், அதாவது 200 மைல் ஆகும். இவ்விரண்டு இடங்களும் கடல் மட்டத்திற்கு மேல் நாலாயிரம் அடியை ஒட்டிய உயரத்தில் அமைந்தவை. இரண்டிலும் காப்பியே பிரதானப் பயிர். இரண்டிலும் காப்பிச் செடியின் நடுவே நிழல் மரங்கள் நிற்கின்றன. அம்மரங்களின் மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. இடையிடையே ஆரஞ்சு காய்க்கிறது. ஓரிடத்துத் தோட்டத்தைப் பார்த்தவர் மற்றோரிடத்துத் தோட்டத்திலும் புதுமை ஏதும் காணமாட்டார். ஆகவே குடகில் எந்த மாதம் எந்த வேலை செய்கிறார்களோ, அந்த மாதம் அந்த வேலையைப் பண்ணைக்காட்டிலும் செய்துவிடலாம் என்று எண்ணுவது இயற்கையே.

அவ்வாறு எண்ணுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்திய தேசத்தில் விளையும் காப்பியில் சுமார் நூற்றுக்கு எழுபது பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. குடகு ஜில்லா மட்டுமே மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. தமிழ்நாடு முழுவதும் சேர்ந்து தருவது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. காப்பி ஆராய்ச்சிக்கென 1925-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பாலெஹொன்னூர் நிலையமும் கர்நாடகத்தில்தான் இருக்கிறது. எனவே காப்பி சாகுபடியைப் பற்றிய பேச்சும், கையேடும், மாதவாரியான வேலைப் பட்டியலும் பெரும்பாலும் அங்குள்ள மழையை மனத்திற்கொண்டு உண்டானவை. அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. குடகு மலைக்கு அவை முற்றும் பொருந்தும். கீழ்ப்பழனி மலையில் மழை பெய்யும் மாதங்கள் வேறாகையால், அதே பட்டியலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் குடியானவர் மருந்தையும், உரத்தையும், சில வருஷங்களில் பறித்த பழத்தையுமே இழக்க நேரிடுகிறது.

குடகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டிலேயே அமைந்த நாடு. அதன் மேற்கு எல்லையிலிருந்து அரபிக் கடல் வெகு தூரமில்லை. இடையில் மலபார்ப் பகுதியின் தாழ்ந்த நிலமே உள்ளது. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைத் தாண்டி வந்ததும் முதலில் மோதும் சுவர்களில் இதுவும் ஒன்று. காற்று மேலே ஏற ஏறக் குளிர்ந்து, தான் சுமந்து வந்த நீராவியை மழையாக இறக்கிவிடுகிறது. காவேரி உற்பத்தியாகும் தலைக்காவேரிக்குக் கீழே உள்ள பாகமண்டலத்தில் வருஷத்திற்கு 200 அங்குலம் மழை பெய்வது அதிசயமன்று. மடிக்கேரியில் 3,200 மில்லிமீட்டரை ஒட்டி, அதாவது சுமார் 125 அங்குலம் பெய்கிறது. அதில் ஜூலை ஒரு மாதத்தின் பங்கு மட்டும் ஏறக்குறைய 40 அங்குலம். கிழக்கே குசால்நகரை அடையும்போது மழை மடிக்கேரி மழையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய ஜில்லாவிற்குள் இத்தனை வித்தியாசம் இருப்பதே, மழையை நிர்ணயிப்பது உயரம் மட்டுமன்று, காற்றை நோக்கிய முகமும்தான் என்பதற்குப் போதிய சாட்சி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதியன்று தஞ்சை ஜில்லாவின் மிராசுதார்கள் எந்த மலையின் மேகத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்பதை நினைத்தால், குடகு மழையின் காலம் எவருக்கும் மறக்காது.

பழனி மலையின் அமைப்பு வேறு. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு அன்று. அம்முகட்டிலிருந்து கிழக்கு நோக்கிச் சமவெளிக்குள் சுமார் 65 கிலோமீட்டர் நீளத்திற்கு நீண்டிருக்கும் கிளை. அதன் மேற்குப் பாகம் ஏழாயிரம், எட்டாயிரம் அடி உயரமுள்ள மேல்மலை. கொடைக்கானல் அங்கே உள்ளது. கிழக்கே சரிந்து நாலாயிரம் அடியிலும் அதற்குக் கீழும் பரவியிருப்பது கீழ்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, தடியன்குடிசை முதலிய ஊர்கள் இக்கீழ்மலையைச் சேர்ந்தவை. பண்ணைக்காட்டிற்கு மேற்கில் முதலில் கொடைக்கானல் மேல்மலையும், அதற்கப்பால் ஆனைமலையும், ஏலமலையும் நிற்கின்றன. தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமாகிய 2,695 மீட்டர் ஆனைமுடி அந்த வரிசையில் உள்ளது. அரபிக் கடலிலிருந்து வரும் காற்று வால்பாறையிலும், மூணாற்றிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தையும் மேல்மலையில் இறக்கிய பின்னரே பண்ணைக்காட்டை அடைகிறது. இறங்கி வரும் காற்று வெப்பமடைகிறது. வெப்பமடைந்த காற்று மழையைத் தருவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பண்ணைக்காட்டில் மேகம் உண்டு, தூறல் உண்டு, சில நாட்களில் நல்ல மழையும் உண்டு. ஆனால் அவை யாவற்றையும்விட அதிகமாகக் காற்று உண்டு.

அக்டோபர் மாதத்தில் காற்று திரும்புகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று தஞ்சை, திருச்சி சமவெளிகளைக் கடந்து வரும்போது, அதற்கு எதிர்ப்படும் முதல் உயர்ந்த மலைகளுள் ஒன்று பழனி மலையின் கிழக்குச் சரிவு. ஜூலையில் மழை மறைவாக இருந்த கீழ்மலை இப்போது மழை முகமாகிறது. வருஷ மழையின் மிகப் பெரிய பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் விழுகிறது. மருதாநதி நிறைவதும் இக்காலத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியுடன் வரும் கோடை மழை மற்றொரு பங்கு. தடியன்குடிசையில் வருஷ மழையின் சராசரி 1,400 மில்லிமீட்டரை ஒட்டியது. அதாவது சுமார் 55 அங்குலம். மடிக்கேரி மழையில் இது பாதியும் இல்லை. ஆனால் அளவில் குறைந்தாலும், இருவேளை உணவு போல வருஷத்தில் இருமுறை பகிர்ந்து வருவது இம்மழையின் சிறப்பு.

இங்கே கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பத்திரிகைகளில் வெளியாகும் கொடைக்கானல் மழை, கொடைக்கானல் வெப்பம் என்பவை பண்ணைக்காட்டிற்கு உரியவை அல்ல. சூரியனை ஆராயும் பொருட்டு 1899-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பண்ணைக்காடு அதற்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்ந்தது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறு அல்லது ஆறரை டிகிரி சென்டிகிரேடு கூடும் என்பது பொது விதி. மேல்மலையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பள்ளங்களில் உறைபனி விழும். அங்கே காப்பி வளராது. பண்ணைக்காட்டில் உறைபனிக்குப் பயமில்லை. உறைபனி காப்பிக்கு என்ன செய்யும் என்பதை 1975-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பிரேசில் தேசத்துப் பரனா மாகாணம் கண்டது. ஓரிரு இரவுகளில் கோடிக்கணக்கான செடிகள் கருகி, உலகெங்கும் காப்பி விலை ஏறியது.

இரு பிரதேசங்களின் வேற்றுமையை 2018-ஆம் வருஷம் மிகக் கொடிய முறையில் எடுத்துக்காட்டியது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தென்மேற்குப் பருவமழை குடகில் அளவு கடந்து பெய்து, மடிக்கேரியைச் சுற்றிலும் மலைச் சரிவுகள் பெயர்ந்து வீழ்ந்தன. தோட்டங்கள் வீடுகளுடன் மண்ணில் புதைந்தன. அதே ஆகஸ்டில் கீழ்ப்பழனி மலைக்கு அத்தகைய ஆபத்து நேரவில்லை. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்தை அடுத்துக் கரையேறிய கஜா புயல், உள்நாட்டில் திண்டுக்கல் வழியாக மேற்கே சென்றது. பழனி மலையில் மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன. குடகிற்கு ஆபத்து மேற்கிலிருந்து ஆடி, ஆவணியில் வருகிறது; பண்ணைக்காட்டிற்குக் கிழக்கிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. காற்றுத் தடுப்பு மரங்களை எந்தத் திசையில் வைப்பது, வடிகாலை எந்த மாதத்திற்குள் தூர் எடுப்பது என்ற கேள்விகளுக்கு இதுவே விடை. பண்ணைக்காட்டில் ஜூலைக் காற்றுக்கு மேற்கிலும், புயற்காற்றுக்குக் கிழக்கிலும் ஆக இருபுறமும் காப்பு தேவைப்படுகிறது. வடிகால் வேலை செப்டம்பர் முடிவதற்குள் தீரவேண்டும்.

நிற்க. காப்பிச் செடியின் வாழ்க்கையில் மழைக்கு உள்ள தொடர்பு மற்றப் பயிர்களைப் போன்றதன்று. அராபிக்கா காப்பியின் பூ மொட்டுக்கள் உருவாகிச் சிறிது வளர்ந்த பின் உறங்கிவிடுகின்றன. அவ்வுறக்கத்திற்குச் சில வாரங்கள் வறட்சி வேண்டும். பிறகு ஒரே தடவையாக ஓர் அங்குலமோ அதற்கு மேலோ மழை பெய்தால், எட்டு முதல் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒருசேரப் பூத்து மல்லிகை போல் மணக்கும். இதுவே பூமழை. மழை அரை அங்குலத்தோடு நின்றுவிட்டால் மொட்டுக்கள் பாதி விழித்து, நிறம் மாறி, விரியாமலே கெட்டுவிடும். பூத்த சில வாரங்களில் பிஞ்சைத் தாங்குவதற்கு இரண்டாவது மழை ஒன்றும் வேண்டும்.

குடகில் டிசம்பர் முதல் மார்ச்சு வரை வறட்சி நீண்டதும் உறுதியானதும் ஆகும். மொட்டுக்கள் யாவும் ஒரே அளவில் காத்திருக்கின்றன. மார்ச்சு அல்லது ஏப்ரலில் ஒரு மழை. உடனே ஒரே பூப்பு. மழை தவறினால் தெளிப்பு நீர்ப்பாசனத்தால் அதை ஈடுசெய்யும் வழக்கமும், முக்கியமாக ரோபஸ்டாத் தோட்டங்களில், அங்கே பரவியிருக்கிறது. பண்ணைக்காட்டிலோ டிசம்பர் வரையிலும் மழை இருக்கும். சில வருஷங்களில் ஜனவரியிலும் தூறும். வறட்சி குறுகியது, அதுவும் இடையிடையே கலைவது. ஆகையால் ஒரு மழைக்கு ஒரு பகுதி மொட்டும், அடுத்த மழைக்கு வேறொரு பகுதியும் விழிக்கின்றன. பெரும் பூப்பு மார்ச்சு, ஏப்ரலில் என்றாலும், முன்னும் பின்னுமாகச் சிறு பூப்புக்கள் உண்டு. ஒரே கிளையில் பழுத்த பழம், பச்சைக்காய், பிஞ்சு ஆகிய மூன்றையும் ஒருங்கே காண்பது கீழ்மலையில் புதுமையன்று.

இதனால் விளையும் முதல் தொல்லை கூலிச் செலவு. அராபிக்காப் பழம் பூத்ததிலிருந்து எட்டு, ஒன்பது மாதங்களில் முதிர்கிறது. குடகில் பழங்கள் ஏறக்குறைய ஒருங்கே முதிர்வதால் சில சுற்றுக்களில் பறிப்பு முடிந்துவிடும். பண்ணைக்காட்டில் அக்டோபரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை பல சுற்றுக்கள் போகவேண்டும். கூலி மிகுதி என்று அஞ்சிச் சிலர் சுற்றுக்களைக் குறைத்து, பச்சையும் பழமும் சேர்த்து உருவிவிடுகின்றனர். அப்படி உருவிய சரக்கு எடையிலும் குறையும், விலையிலும் குறையும். பழுக்காத காயிலிருந்து எடுத்த கொட்டை வறுபடும்போது வெளுத்து நிற்பதை வியாபாரி உடனே கண்டுகொள்வான். மேலும் பருவம் தவறி எஞ்சி நிற்கும் பழங்கள் காய்த் துளைப்பானுக்கு வருஷம் முழுவதும் அன்னசத்திரமாகின்றன. இந்தியாவில் 1990-ஆம் வருஷத்தில் நீலகிரி ஜில்லா கூடலூரில் முதன்முதலாகக் காணப்பட்ட இவ்வண்டு, காப்பிக் கொட்டைக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகுவது. குடகில் அறுவடைக்குப் பின் சில மாதங்கள் செடியில் காயே இராது. வண்டுக்கு அது பஞ்ச காலம். கீழ்மலையில் அந்தப் பஞ்சத்தைக் குடியானவரே உண்டாக்க வேண்டும்: கடைசிச் சுற்றில் செடியில் ஒரு பழமும் விடாமல் பறிப்பதும், உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எடுப்பதும் அதற்கு வழி.

இரண்டாவது தொல்லை இதனினும் பெரிது. குடகின் அறுவடைக் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. அக்காலத்தில் அங்கே வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். பழத்தைக் களத்தில் பரப்பினால் சூரியன் மீதியைப் பார்த்துக்கொள்வான். பண்ணைக்காட்டின் அறுவடையில் முதற்பாதி, வருஷத்தின் பெருமழைக் காலத்திலேயே வந்து விழுகிறது. சுமார் ஆறு கிலோ பழத்திற்கு ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும். மற்றவை சதையும், தோலும், நீருமே. சதை நீக்கிக் கழுவி எடுத்த பார்ச்மெண்டுக் காப்பியில் பாதிக்கு மேல் ஈரம் இருக்கும். அதைப் பத்து, பதினொரு சதவீதத்திற்குக் கொண்டுவர நல்ல வெயிலில் ஏழு முதல் பத்து நாட்கள் வேண்டும். பழமாகவே உலர்த்தும் செர்ரி காப்பிக்கு இன்னும் சில நாட்கள் கூடும். நவம்பர் மாதத்தில் கீழ்மலையில் தொடர்ந்து ஏழு நாள் வெயில் எங்கே கிடைக்கும்? அரைகுறையாய் உலர்ந்த காப்பியின் மேல் மழை படுவதும், நனைந்ததை மூட்டையாகக் கட்டி வைப்பதும் பூஞ்சணத்தை அழைக்கும் செயல்கள். பூஞ்சணம் பற்றிய காப்பி நிறம் கெட்டு, மக்கிய வாசனை அடைகிறது; அதில் உடம்புக்குத் தீங்கான நஞ்சும் உண்டாகலாமாகையால் அயல்நாட்டு வியாபாரிகள் சோதித்தே வாங்குகின்றனர். மலையில் நன்றாக விளைந்த சரக்கு, அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி வியாபாரியிடம் போகுமுன்பே களத்தில் தரம் இழந்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் பண்ணைக்காட்டிற்கு வழிகாட்டக்கூடியது குடகு அன்று. கடல்கள் பல கடந்து தென்னமெரிக்காவில் உள்ள கொலம்பியா தேசம் என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். அத்தேசமும் பூமத்திய ரேகைக்கு அருகில் மலைச் சரிவுகளில் அமைந்தது. அதன் நடுப்பகுதியில் வருஷத்திற்கு இரண்டு மழைக் காலங்கள். அதற்கேற்ப அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிய அறுவடையும், ஏப்ரல் முதல் ஜூன் வரை சிறிய அறுவடையும் உண்டு. ஒரே கிளையில் பூவும் பழமும் இருப்பது அங்கும் வழக்கம். அங்குள்ள காப்பிக்காரர்களில் பெரும்பாலோர் சில ஏக்கர் மட்டுமே உடைய சிறு குடியானவர்கள். அவர்கள் இந்த நிலைமையைக் குறையாக எண்ணி உட்கார்ந்துவிடவில்லை. பழுத்ததை மட்டும் கையால் பறித்து, அன்றே சிறு யந்திரத்தில் சதை நீக்கி, புளிக்கவைத்துக் கழுவுகின்றனர். உலர்த்துவதற்கு வீட்டுக் கூரையையே தண்டவாளத்தின் மேல் தள்ளக்கூடியதாக அமைத்து, வெயில் வந்தால் கூரையை இழுத்துத் திறப்பதும், மேகம் கண்டால் மூடுவதும் வழக்கமாயிற்று. அதற்கு வசதியில்லாதோர் மூங்கிலை வளைத்து மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, இருபுறமும் காற்றுப் போக வழிவிட்டு, உள்ளே தட்டுக்களில் உலர்த்துகின்றனர். மூங்கிலும் விரிப்பும் கீழ்மலையில் கிடைக்காத பொருள்கள் அல்ல. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வலைத்தட்டு அமைத்தால் அடியிலும் காற்றோடும். மழைத் தண்ணீர் களத்தில் ஓடினாலும் காப்பியைத் தொடாது. பரப்பின் கனம் இரண்டு அங்குலத்திற்கு மேற்படாமல் இருப்பதும், அடிக்கடி கிளறிவிடுவதும் அவசியம். சிமெண்டுக் களத்தை அகலமாக்குவதற்குச் செலவிடும் பணத்தை இத்தகைய கூடாரத்திற்குச் செலவிடுவது கீழ்மலைக்கு ஏற்றது. மற்றொரு குறிப்பு: குளிர்ந்த மேக நாட்களில் சதை நீக்கிய காப்பி புளிப்பதற்கு அதிக நேரம் பிடிக்கும். மணிக்கணக்கை மட்டும் நம்பாமல், கொட்டையைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, வழவழப்பு நீங்கிச் சரளைக்கல் போல் சொரசொரத்தால் கழுவலாம்.

நோய்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1869-ஆம் வருஷத்தில் இலங்கையில் தோன்றி அத்தீவின் காப்பித் தோட்டங்களையே அழித்துத் தேயிலைக்கு இடம் செய்த இலைத்துரு நோய், இன்றும் அராபிக்காவின் முதற்பகையே. அதன் பூஞ்சண வித்து முளைப்பதற்கு இலையின் அடிப்பாகத்தில் நீர் தங்கியிருக்க வேண்டும். மிதமான வெப்பமும் வேண்டும். குடகில் மே, ஜூனில் மழைக்கு முன்னும், மழைக்குப் பின் செப்டம்பரிலும் போர்டோ கலவை தெளிப்பது விதி. செப்டம்பருக்குப் பின் அங்கே இலை நனைவது குறையும். ஆகவே அத்தெளிப்பு அறுவடை வரை போதும். பண்ணைக்காட்டில் செப்டம்பருக்குப் பின்னரே இலை நனைதல் உச்சத்தை அடைகிறது. செப்டம்பர்த் தெளிப்பு இங்கே மழைக்குப் பிந்தியது அன்று, மழைக்கு முந்தியது! அதைத் தவறவிட்டவர் அக்டோபர் மழைக்கு நடுவே தெளித்தால் மருந்து இலையில் ஒட்டுமுன் கழுவிப் போகும். ஆதலால் செப்டம்பர் மாதத்திலேயே அரை சதவீதக் கலவையை, அதாவது 200 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் கொண்டதை, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்து முடிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மழை விட்ட நாட்களில் இலையைத் திருப்பிப் பார்த்து, மஞ்சள் பொடி புதிதாகக் கண்டால் மறுபடியும் தெளிக்க நேரிடும். கோடை மழைக்குப் பிந்திய ஜூன் தெளிப்பு தேவையற்றதென்று இதற்குப் பொருளன்று. குடகின் கன மழையில் இலைகளும் காய்களும் கறுத்து அழுகும் 'கொளே ரோகம்' மட்டும் கீழ்மலையில் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஜூலை மாதத்துக் காற்றே அதற்குக் காரணம் எனலாம்.

அந்தக் காற்றும் வெயிலும் வேறொரு பகைக்குத் துணை செய்கின்றன. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு, வெயில் படும் செடியின் தண்டிலுள்ள பட்டை வெடிப்புக்களில் முட்டையிடுகிறது. புழு உள்ளே குடைந்து சென்று செடியைக் கொன்றுவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு வெளிப்படுகிறது. குடகில் ஜூன் மாதத்திற்கு முன் நிழல் மரங்களைக் கழித்து வானத்தைத் திறந்துவிடுவது வழக்கம். நான்கு மாதம் சூரியனையே காணாத இடத்தில் அது சரியான காரியம். அதே வேலையை அதே அளவில் பண்ணைக்காட்டில் மே மாதத்தில் செய்தால், ஜூன், ஜூலை மாதங்களின் வெயிலும் வறண்ட காற்றும் நேரே செடியின் மேல் விழும். மண் காயும், இலை உதிரும், தண்டு சூடேறும், வண்டு வந்து சேரும். கீழ்மலையில் நிழலைச் சிறுகச் சிறுகக் கழிப்பதும், மேற்கு, தென்மேற்குத் திசையிலுள்ள கிளைகளில் கை வைக்காதிருப்பதும் மேல். நிழலுக்குச் சில்வர் ஓக் ஒன்றையே வரிசையாக நட்டிருப்பவர்கள் அதன் விலையை எண்ணி நட்டவர்களேயன்றி, காப்பியை எண்ணி நட்டவர்கள் அல்லர். பலாவும், கல்யாண முருங்கையும், காட்டு மரங்களும் கலந்த நிழலே இரு பிரதேசங்களிலும் பழைய தோட்டக்காரர்கள் விரும்பியது. வண்டு துளைத்த செடிகளை அதன் இரண்டு பறப்புக் காலங்களுக்கும் முன்னரே, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், வேரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டும்.

உரமிடுவதிலும் நாற்று நடுவதிலும் இதே கணக்குத்தான். குடகில் மழைக்குப் பின் அக்டோபரில் இடும் உரத்தைக் கீழ்மலையில் அக்டோபரில் இட்டால் அது ஓடையில் போய்ச் சேரும். செப்டம்பரில் மண் ஈரமாயிருக்கும்போதே இடவேண்டும். குடகில் ஜூன் மழையோடு நடும் நாற்று வேரூன்ற நான்கு மாத மழையைப் பெறும். கீழ்மலையில் ஜூன் தூறலை நம்பி நட்ட நாற்று ஆகஸ்டுக் காற்றில் வாடுவதால், செப்டம்பர் இறுதியில் நடுவதே உத்தமம். கன மழையால் மண்ணின் சுண்ணாம்புச் சத்துக் கரைந்தோடும் குடகில் சில வருஷங்களுக்கு ஒருமுறை சுண்ணாம்பு இடுவது வழக்கம். கீழ்மலையில் மண்ணைப் பரிசோதித்த பிறகே அதைச் செய்யலாம்.

காப்பியை விட்டு மற்றப் பயிர்களைப் பார்த்தால், இருபருவ மழையின் லாபமும் தெரியும். விருப்பாச்சி மலைவாழை, வருஷம் முழுவதும் பரவிய மிதமான மழையில் பாசனமின்றி விளையும் பயிர். 2008-ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகின் ஜூலை மழையை அது தாங்குவது கடினம். முடிக்கொத்து நோய் மட்டும் பரவாதிருந்தால் கீழ்மலையில் இன்றும் வாழையே காப்பிக்கு முன் நின்றிருக்கும். அசுவினிப் பூச்சியால் பரவும் அந்நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகற்றுவதும், நோயற்ற கன்றை நடுவதுமே வழி. ஆரஞ்சு இரு பிரதேசங்களிலும் பட்டுப்போய்க்கொண்டிருப்பதும், அவ்விடத்தை மிளகு பிடித்துக்கொண்டிருப்பதும் ஒன்றுபோல் நிகழ்பவை.

கடைசியாக மழைமானியைப் பற்றி. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் சுமார் ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. பூமழை முக்கால் அங்குலமா, ஒன்றேகால் அங்குலமா என்பது ஒரு வருஷத்து மகசூலை நிர்ணயிக்கும் கேள்வி. மலைப் பிரதேசத்தில் ஒரு சரிவில் பெய்யும் மழை அடுத்த சரிவில் பெய்வதில்லை. ஆகையால் தோட்டத்திற்கு ஒன்றாக, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் மழைமானியை வைத்து, தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவருவது பெரிய செலவன்று. நவம்பர் மழையால் ஏற்படும் நஷ்டம் செடியைப் பார்த்தால் தெரியாது. அது மரத்தடியில் உதிர்ந்த பழத்திலும், களத்தில் பூஞ்சணம் படிந்த காப்பியிலும் இருக்கிறது. அடங்கல் எழுதும் கிராம நிர்வாக அலுவலர் மழை விட்டுப் பல வாரங்கள் கழித்து வந்து பச்சென்று நிற்கும் செடியைக் கண்டு நஷ்டமில்லை என்று எழுதிவிடக்கூடும். பெய்த சில நாட்களுக்குள் களத்தையும் தோட்டத் தரையையும் பார்வையிட்டு, தோட்டக்காரரின் மழைக் குறிப்பையும் உடன் வைத்து எழுதினால், அந்த எழுத்து ஜில்லா அலுவலகத்தில் நிற்கும்.